ஒலியமைப்பை மேம்படுத்துவதை எங்கே நிறுத்துவது: ஜே.பி. நகர்க் கூடம் ஒன்றை முன்வைத்து ஒரு விவாதம்

மாடிவீடு எழுதியது:

பெங்களூரு ஜே.பி. நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறோம். சொந்த வீடு என்பதால் சுவரில் ஆணி அடிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கூடம் 15 அடி நீளம், 12 அடி அகலம். சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. எதிரே ஏறத்தாழ 10 அடி தொலைவில், முன்சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபரும் உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டரும் கொண்ட இருவழி ஸ்பீக்கர்கள் (உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் தரும் ஒலி, 86 டெசிபெல்). சேனலுக்கு 50 வாட் தரும் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர், இணையத்திலிருந்து பாட்டு இசைக்கும் ஒரு ஸ்ட்ரீமர், அப்பா சேர்த்துவைத்த எல்.பி. தட்டுகளுக்காக ஒரு டர்ன்டேபிள். கேட்பவை பெரும்பாலும் பழைய கச்சேரிப் பதிவுகளும் எழுபது, எண்பதுகளின் திரைப்பாடல்களும்.

மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை துல்லியமாகக் கேட்கிறது, தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பி மட்டும் வீங்கி ஒலிக்கிறது. கடைக்காரர் 100 வாட் பவர் ஆம்ப்ளிஃபயரும் புதிய டி.ஏ.சி.யும் (டிஜிட்டல் பதிவை மின்னொலியாக மாற்றும் கருவி) வாங்கச் சொல்கிறார். இரண்டரை லட்ச ரூபாய் ஆகிறது. இதை வாங்கினால் கனவு நிறைவேறிவிடும் என்று தோன்றுகிறது. சென்ற முறையும் அப்படித்தான் தோன்றியது. எந்த அடையாளத்தைக் கண்டால் ஒருவர் மேலும் மேலும் வாங்குவதை நிறுத்தலாம்?

வெறுங்காது எழுதியது:

உங்கள் குறைக்கும் கடைக்காரர் சொல்லும் மருந்துக்கும் தொடர்பே இல்லை. ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், 15 அடி நீளமுள்ள அறையில் 37 ஹெர்ட்ஸ் அருகிலும் அதன் இருமடங்கான 75 ஹெர்ட்ஸ் அருகிலும், 12 அடி அகலத்தில் 47 ஹெர்ட்ஸ் அருகிலும் நிலையலைகள் (சுவர்களுக்கிடையே எதிரொலித்துச் சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் மெலிந்தும் நிற்கும் ஒலியலைகள்) எழும். நீளவாக்கில் எழும் இந்த அலைகள் எல்லாவற்றுக்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம் சுவர். நீங்கள் சோபாவை அங்கேயே போட்டிருக்கிறீர்கள். தலை பின்சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றே குறைவான தூரத்துக்கு வருமாறு சோபாவை முன்னால் இழுங்கள். அது நீளத்தின் கால் பங்கு. 75 ஹெர்ட்ஸ் அலைக்கு அங்கே அழுத்தம் மிகக் குறைவு.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் கணக்கு இன்னும் எளிது. வாட் இருமடங்கானால் கிடைப்பது 3 டெசிபெல். ஒலி இருமடங்கு உரப்பாகக் காதுக்குப் படவேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். உங்கள் ஸ்பீக்கர்கள் இரண்டும் தலா ஒரு வாட்டிலேயே 10 அடி தொலைவில் 80 டெசிபெல்லை ஒட்டித் தரும். 50 வாட்டில் உச்சங்கள் 97 வரை போகும். அடுக்குமாடியில் அதற்கு மேல் எதற்கு?

நிறுத்தும் அடையாளத்தைக் கேட்டீர்கள். ஒரு குறையைப் பெயர் சொல்லி, அது எந்தப் பதிவில் எந்த இடத்தில் கேட்கிறது என்று காட்ட முடிந்தால் அதைத் தீர்க்கச் செலவு செய்யலாம். அப்படிக் காட்ட முடியாத நாளில் கடைக்குப் போகாதீர்கள்.

பற்றாசு எழுதியது:

வெறுங்காது ஐயாவின் அறைக் கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவருடைய நிறுத்தல் விதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குறைக்குப் பெயர் சொல்லக் கற்றுக்கொள்வதே, அந்தக் குறை இல்லாத ஒன்றைக் கேட்ட பிறகுதான். ட்வீட்டரின் கரகரப்பைப் பாடகரின் குரல் இயல்பென்று ஆண்டுக்கணக்கில் நம்பிக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். நல்ல ட்வீட்டர் ஒன்றைக் கேட்கும்வரை அவர்களிடம் நீங்கள் சொல்லும் பட்டியலில் அந்தக் குறை இருந்திருக்காது.

வாட் கணக்கும் அவ்வளவு எளிதன்று. மின்தடை எட்டு ஓம் என்று பெட்டியில் எழுதியிருக்கும் ஸ்பீக்கர்களில் பல, சில அதிர்வெண்களில் நான்கு ஓமுக்கும் கீழே இறங்குகின்றன. அந்த இடத்தில் மின்னோட்டம் தர முடியாத ஆம்ப்ளிஃபயர் திணறும். 50 வாட் என்ற எண் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

அத்துடன், செலவை நிறுத்துவதும் வேலையை நிறுத்துவதும் வேறு வேறு. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகம் வாங்கி, டி.பி.ஏ. 3255 என்ற ஆம்ப்ளிஃபயர் சிப் பதித்த பலகையைக் கொண்டு நானே ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறேன், பிளைவுட்டில் பெட்டி அடிக்கிறேன். பழைய கருவியை வாங்கிச் சில மாதங்கள் கேட்டுவிட்டு, ஏறக்குறைய அதே விலைக்கு விற்றுவிடுகிறேன். இடையில் போகும் சிறு தொகையை வாடகை என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் அறிவு வளர்கிறது, பணம் கரைவதில்லை. இதை ஏன் நிறுத்த வேண்டும்?

இரண்டாம்_வரிசை எழுதியது:

எதை நோக்கி நகர்கிறோம் என்பதை இருவருமே சொல்லவில்லை. நேரடிக் கச்சேரிதான் அளவுகோல் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தக் கச்சேரி? வயலின் வடிவில் கட்டிய சௌடய்யா அரங்கானாலும், சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலின் ராமநவமிப் பந்தலானாலும், நம் காதுக்கு வருவது மைக், மிக்ஸர், ஸ்பீக்கர் வழியே வரும் ஒலிதான். பல மேடைகளில் வயலினிலேயே ஒலியை நேராக மின்குறிப்பாக்கும் பிக்கப் பொருத்தியிருக்கிறார்கள். வீட்டில் நீங்கள் இரண்டரை லட்சம் செலவழித்து நெருங்கப் பார்ப்பது அந்தப் பந்தலின் ஒலியையா?

மல்லேஸ்வரத்தில் தெரிந்தவர் வீட்டில் மைக் வைக்காமல் நடக்கும் சிறு கச்சேரிகளுக்குப் போகும் வழக்கம் எனக்கு உண்டு. அங்கே தம்புரா மிக மெல்லியது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் தெளிவாகக் கேட்கும். தொப்பியின் கும்காரம் எழும், உடனே அடங்கும். என் ஒலியமைப்பில் இந்த இரண்டும் சரியாக வந்ததும் மாற்றுவதை விட்டுவிட்டேன். பற்றாசு அவர்களுக்குக் கருவியே பொழுதுபோக்கு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாடிவீடு கேட்டிருப்பது இசை கேட்பவரின் கேள்வி.

பற்றாசு எழுதியது:

கருவிக்காரன், ரசிகன் என்று இரண்டு சாதி இருப்பதாக நான் நினைக்கவில்லை, மேடம். நீங்கள் தம்புராவை அளவுகோலாகப் பிடித்ததே உங்கள் காது பழகியதால்தான். அது மேலும் பழகினால் அளவுகோலும் நகரும்.

இன்னொன்று: இரவில் ஒலியைக் குறைத்துக் கேட்கும்போது தொப்பி வீங்குவதில்லை, காணாமலே போகிறது என்றால் வியப்பில்லை. உரப்பு குறையும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இதற்கென்றே, தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் ‘லவுட்னஸ்’ பொத்தான் இருந்தது. விலை உயர்ந்த கருவிகள் பலவற்றில் தூய்மை என்ற பெயரில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தூய்மை புரிந்ததே இல்லை.

வெறுங்காது எழுதியது:

லவுட்னஸ் பொத்தானைப் பற்றி நண்பர் பற்றாசு சொன்னதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். “மேலானதைக் கேட்டால்தான் குறை தெரியும்” என்ற வாதத்தில் மட்டும் ஓட்டை இருக்கிறது: எது மேலானது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? இரண்டு கருவிகளில் ஒன்று அரை டெசிபெல் உரப்பாக இருந்தாலே, அதை உரப்பென்று உணராமல் ‘தெளிவு’ என்று பாராட்டுவோம். கடைகளில் நடக்கும் பாதி அதிசயம் இதுதான். உரப்பைச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டால் பல வேறுபாடுகள் மறைந்துவிடும். மேயர், மோரன் இருவரும் 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வெளியிட்ட சோதனையில், சி.டி.யைவிடக் கூடுதல் விவரம் கொண்ட உயர் தெளிவுப் பதிவுகளின் பாதையில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் சி.டி. தரத்தை இடையில் நுழைத்தார்கள். இயல்பான உரப்பில் கேட்டவர்களால் வேறுபாட்டைப் பிரித்தறிய முடியவில்லை. பழைய கச்சேரிப் பதிவு கேட்பவருக்குப் புதிய டி.ஏ.சி. எதைச் சேர்க்கும்?

கேபிளையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பினாலும் 0.07 ஓம்தான், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் வரும் இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு.

பற்றாசு எழுதியது:

கேபிளில் நான் சண்டை போடவில்லை. ஆய்வுகளை எடுத்தால் முழுவதையும் எடுக்க வேண்டும். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ், அதே இதழில் 2016-இல் 18 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். உயர் தெளிவை மனிதர்கள் பிரித்தறிகிறார்கள், பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகவே அறிகிறார்கள் என்பதே அவர் கண்டது.

வெறுங்காது எழுதியது:

அந்தத் தொகுப்பில் ஒட்டுமொத்தச் சரியான விடை 52.3 விழுக்காடு. நாணயம் சுண்டினால் 50 வரும். வேறுபாடு உண்மையாகவே இருக்கட்டும். அதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதை மாடிவீடு முடிவு செய்யட்டும்.

மாடிவீடு எழுதியது:

சோபாவை இழுத்துப் போட்டேன். கூடத்தில் நடமாடும் வழி குறுகிவிட்டது என்பது வீட்டில் எல்லோருடைய குறை; ஆனால் தொப்பியின் வீக்கம் பெருமளவு அடங்கியதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அலுவலக நண்பர் ஒருவரிடம் அளவீட்டு மைக்கை இரவல் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈ.க்யூ. விசார்ட் மென்பொருளில் அளந்தேன். 75 ஹெர்ட்ஸ் மேடு தணிந்திருக்கிறது. அதே வரைபடத்தில் 95 ஹெர்ட்ஸ் அருகில் ஆழமான பள்ளம் ஒன்று தெரிகிறது. பாடல்களில் அடித்தளம் சற்று மெலிந்து ஒலிப்பதற்கு இதுதான் காரணமாக இருக்குமா? இதற்காவது பெரிய ஆம்ப்ளிஃபயர் உதவுமா?

வெறுங்காது எழுதியது:

உதவாது. ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போகும் ஒலி முன்சுவரில் பட்டுத் திரும்பி, நேரே வரும் ஒலியோடு எதிர்க்கட்டத்தில் (ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தில் விழுமாறு) சேர்ந்து அதை அழிக்கிறது. ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் உள்ள தூரம் கால் அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில் இது நிகழும். மூன்றடிக்கு அது 94 ஹெர்ட்ஸ். வாட்டைக் கூட்டினால் திரும்பி வரும் ஒலியும் அதே அளவு கூடும், பள்ளம் அப்படியே இருக்கும். குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் கூட்டும் ஈக்வலைசரில் தூக்கினாலும் அதே கதைதான்.

ஸ்பீக்கரின் முன்முகம் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் இருக்குமாறு தள்ளிப் பாருங்கள். பள்ளம் 190 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறும். அங்கே நான்கு அங்குல ராக்வூல் (பாறை இழை) பலகை ஓரளவு உறிஞ்சும். மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டிப் பயனில்லை. அறை அகலத்தில் எழும் 47 ஹெர்ட்ஸ் அலையை எந்தப் பலகையாலும் அடக்குவது கடினம்; அதன் கால் அலைநீளமே ஆறடி.

இரண்டாம்_வரிசை எழுதியது:

ராக்வூலைத் துணியால் முழுக்கச் சுற்றிவிடுங்கள். இழை கையில் பட்டால் அரிக்கும். ஸ்பீக்கர்களை நகர்த்திய பிறகு பழைய மோனோ பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஒடுங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இரண்டு பக்கமும் தூரம் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

நிறுத்துவதைப் பற்றி ஒரு செய்தி. பி.பி.சி. பொறியாளர்கள் 1970-களின் தொடக்கத்தில், வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைப்பதற்காக எல்.எஸ். 3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். வேனில் இடமில்லை, ஆழ்ந்த தாழ்சுரம் தேவையுமில்லை. பேச்சும் குரலும் பிசகின்றிக் கேட்க வேண்டும். அந்தத் தேவையை முதலில் எழுதிவைத்ததால் எதை விட்டுவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சிறு பெட்டியைப் பின்னாளில் பெருவிலைக்கு வாங்கி, அது கைவிட்ட தாழ்சுரத்தை மீட்க சப்வூஃபர் சேர்ப்பவர்கள் நம்மைப் போன்ற பிரியர்கள்தான்.

பற்றாசு எழுதியது:

வேனுக்கு எழுதிய தேவைப் பட்டியல் வேனுக்குப் பொருந்தும். இசை கேட்பவருக்குத் தேவை வளரும்; அதை முதல் நாளே எழுதி மூடிவிட முடியாது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

பேச்சில் தீராது. மாடிவீடு அவர்களே, ஞாயிறு மாலை நான் கட்டிய ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு வரட்டுமா? ஸ்பீக்கர்களை அதற்குள் நகர்த்தி முடித்துவிடுங்கள். ஸ்பீக்கர் முனையில் மின்னழுத்தத்தை அளந்து உரப்பைச் சமப்படுத்துவோம். மலிவான மல்டிமீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் தடுமாறும் என்பதால் 200 ஹெர்ட்ஸ் தொனியை வைத்துக்கொள்ளலாம்; இரண்டையும் ஒரே மீட்டரில் அளப்பதால் சிறு பிழை பாதிக்காது.

மாடிவீடு எழுதியது:

தாராளமாக வாருங்கள். கடைக்காரரிடம் முன்பணம் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் சொல்கிறேன் என்று கூறிவிட்டேன். என்னிடம் மல்டிமீட்டர் இல்லை.

வெறுங்காது எழுதியது:

மீட்டரை நான் கொண்டு வருகிறேன். கம்பிகளை மாற்றுபவர் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும், கேட்பவர்களோடு பேசவும் கூடாது; இரண்டாம்_வரிசை அம்மா இசைந்தால் அந்தப் பொறுப்பை அவர்களே ஏற்கட்டும். பற்றாசுவின் ஆம்ப்ளிஃபயர் வென்றால் அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். அப்போதும் அவர் கட்டியதைப் போல் ஒன்றைக் கட்டச் சொல்வேனே தவிர, கடைக்காரரின் இரண்டரை லட்சத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.