செங்கோணத்தை அடக்கிய பக்கங்களுக்கு ஒரு சொல்: 'செங்கரம்'

வணக்கம் நண்பர்களே,

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்துக்குக் கர்ணம் என்று பெயர் இருக்கிறது, மற்ற இரண்டு பக்கங்களுக்கும் பொதுவாக ஒரு பெயர் இல்லை. 'செங்கோணத்தை அடக்கிய பக்கங்கள்' என்றுதான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். யூக்ளிடும் தன் முதல் புத்தகத்தின் 47ஆம் தேற்றத்தில் இப்படித்தான் நீட்டி எழுதினார். பின்னால் வந்தவர்கள் சுருக்கிக்கொண்டார்கள், ஜெர்மானியப் பள்ளிகளில் 'கதேட்டெ' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் இரண்டும் போதாதா என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. எந்தக் குறுங்கோணத்திலிருந்து பார்க்கிறோமோ அதற்கேற்ப இடம் மாறும் பெயர்கள் அவை. 3, 4, 5 முக்கோணத்தையே எடுங்கள், 3 அலகுப் பக்கம் ஒரு குறுங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம், இன்னொன்றுக்கு அடுத்துள்ள பக்கம், அதனால்தான் ஒன்றின் சைனும் (எதிர்ப்பக்கம்/கர்ணம்) மற்றதன் கொசைனும் (அடுத்துள்ள பக்கம்/கர்ணம்) ஒரே 3/5 ஆக வருகின்றன. குறுங்கோணங்கள் இரண்டும் சேர்ந்து 90° ஆகும் எந்த முக்கோணத்திலும் இது நடக்கும். இவ்வளவு அழகான விஷயத்தை விளக்கும்போது கோணத்தை மாற்றினாலும் மாறாத பெயர் ஒன்று இல்லாமல் 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்று விரல் நீட்ட வேண்டியிருக்கிறது. படத்தில் நிமிர்ந்து நிற்கும் கோடுதான் எப்போதும் எதிர்ப்பக்கம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். இரண்டு செங்கோண முக்கோணங்கள் அளவில் அப்படியே ஒத்தவை என்று காட்டும் 'செங்கோணம்-கர்ணம்-பக்கம்' என்ற சர்வசம விதியையும் பாருங்கள், கர்ணமும் ஒரு பக்கம்தானே, அங்கே 'பக்கம்' என்பது எதைக் குறிக்கிறது என்று வாயால்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சரி, என்ன சொல்? ஆங்கிலத்தில் இந்தப் பக்கங்களை 'லெக்' என்கிறார்கள், அதை அப்படியே பெயர்த்த 'கால்' எனக்கு ஒப்பவில்லை. கணக்குக்குள் கால் வந்தால் தமிழில் அது நான்கில் ஒன்று, 'கால்களின் பெருக்கலில் பாதி' என்று பரப்பளவைச் சொன்னால் பிள்ளை பின்னத்தைத்தான் நினைக்கும். 'செங்கோணப்பக்கம்' தெளிவானதுதான், ஆனால் இலங்கைப் பாடநூல்களில் கர்ணத்துக்கே செம்பக்கம் என்று பெயர், அங்கே படித்தவருக்கு அது நேர்மாறாகக் கேட்கும். 'குத்துப்பக்கம்' முக்கோணத்தைத் திருப்பி வரைந்ததும் விழுந்துவிடும். புஜம், கோடி என்ற பழைய வடமொழி இணை கர்ணத்தோடு சேர்ந்தே வருவது, ஆனால் அது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் தருகிறது, நமக்கு வேண்டியது பொதுப்பெயர். தவிர 'கோடி' எண்ணாகவும் இருக்கிறது.

என் முன்மொழிவு செங்கரம். கொத்தனாரின் மூலைமட்டத்தில் கர்ணமே கிடையாது, செங்கோணமும் அதன் இரண்டு கரங்களும் மட்டும்தான், அதிலிருந்து தோன்றியது. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: செங்கரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம். ஒரு செங்கரத்துக்கு மற்றதே குத்துக்கோடு, ஆகவே செங்கரங்களின் பெருக்கலில் பாதி பரப்பளவு. 30° கோணத்துக்கு எதிரே உள்ள செங்கரம் கர்ணத்தில் பாதி. குறுங்கோணங்கள் 45° ஆனால் செங்கரங்கள் சமம், கர்ணம் அவற்றைப்போல √2 மடங்கு. எங்கேயும் இடறவில்லை. ஜெர்மனில் அடிச்சொல்லை வைத்துக்கொண்டே முன்னொட்டு சேர்ப்பதுபோல எதிர்ச்செங்கரம், அடுத்த செங்கரம் என்றும் நீட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், இருசமபக்க முக்கோணத்தின் சமபக்கங்களையும் ஆங்கிலத்தில் இதே 'லெக்' என்ற சொல்லால் அழைக்கிறார்கள், அங்கே நாம் செங்கரத்தைக் கொண்டுபோகக் கூடாது, அந்தப் பக்கங்களுக்கிடையே செங்கோணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

ஈழத்து நண்பர்கள் ஒன்று சொல்லுங்கள்: செம்பக்கம் என்றே பழகிய பிள்ளைகளுக்குச் செங்கரம் காதில் குழம்புமா?