முட்டுக்காட்டில் கயாக்: சின்னப் பையனோடு போகலாமா?

கேள்வி:
வரும் ஞாயிறு சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காடு உப்பங்கழியில் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம். மகனுக்கு 10 வயது, நீச்சல் அரைகுறை. எத்தனை மணிக்குப் போவது நல்லது?

பதில்:
தாராளமாகப் போங்கள் தம்பி, ஆனால் விடிந்ததும் போய்விடுங்கள். போன மாதம் என் மகளோடு போனேன். படகு தருபவர் அவள் லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், காதுவரை ஏறியது. உடனே கழற்றிச் சின்னதாக ஒன்றை மாட்டி, பட்டைகளை இழுத்து இறுக்கினார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு பேர் கயாக்கில் அவள் முன்னால், நான் பின்னால். தண்ணீர் அசையவே இல்லை. துடுப்பை நிறுத்தினால் சொட்டும் சத்தம் கேட்டது. கொக்கு ஒன்று எங்களைப் பார்த்தபடியே நின்றது, அவ்வளவு பக்கத்தில்! வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பிவிடும். கிழக்கே திரும்பும்போது எதிர்க்காற்றில் தோள் கழன்றுவிடும்.

கேட்டவர்:
நன்றி அக்கா. முகத்துவாரம் வரை போகலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம். அங்கே மணல்திட்டு உடைந்திருந்தால், கடல்நீர் வற்றி இறங்கும் நேரத்தில் தண்ணீர் கடலுக்கு இழுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்கு மேற்கேயே இருங்கள். பையனுக்குத் தொப்பியும், மாற்று உடையும் மறக்காதீர்கள்.