பழைய பி.எம்.டபிள்யூ. 330இ பிளக்-இன் ஹைபிரிட் (மின்இணைப்பில் சார்ஜ் செய்யக்கூடிய ஹைபிரிட்) வாங்கி டியூன் செய்வது குறித்து ஆலோசனை தேவை (கொழும்பு)

வெள்ளவத்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக ஒரு சிறிய ஜப்பானிய ஹைபிரிட் காரை ஓட்டி வருகிறேன். ஓட்டுவதற்கு இன்பமான ஒரு சலூன் கார் வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் எதுவும் என் கைக்கு எட்டவில்லை. ஆகவே, 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்னரே நாட்டுக்குள் வந்த 2017ஆம் ஆண்டுத் தயாரிப்பான பி.எம்.டபிள்யூ. 330இ ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மீற்றரில் 68,000 கிலோமீட்டர் காட்டுகிறது. காரின் உடம்பு நல்ல நிலையில் இருக்கிறது.

என் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. பற்றரி நிரம்பியிருந்த நிலையில், மின்சாரத்தில் மட்டும் ஓடக்கூடிய தூரமாகத் திரையில் 12 கிலோமீட்டர் மட்டுமே காட்டியது. உரிமையாளர் அது இயல்பானது என்கிறார். அடுத்து, எனக்குத் தெரிந்த ஒரு கராஜ்காரர், இயந்திரத்தின் வலுவைக் கூட்டும் (டியூன் செய்யும்) சிறிய பெட்டி ஒன்றைப் பொருத்தினால் 60 குதிரைவலு கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்கிறார், அதை நம்பலாமா என்று தெரியவில்லை. நான் வசிப்பதோ தொடர்மாடி. தரிப்பிடத்தில் சார்ஜ் செய்ய இடம் கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. நாளாந்தம் பத்தரமுல்லைக்குப் போய் வருகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவோம். இந்தக் காரை வைத்திருந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

தெகிவளை_330 எழுதியது:

இதே காரை நான்கு ஆண்டுகள் வைத்திருந்து சென்ற ஆண்டு விற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். 12 கிலோமீட்டர் இயல்பானது என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். அதே வேளை, அந்த எண்ணை மட்டும் வைத்து பற்றரி கெட்டுவிட்டது என்றும் முடிவு செய்ய வேண்டாம். திரையில் தெரிவது, முந்தைய ஓட்டுநர் எப்படி ஓட்டினார், ஏசி எவ்வளவு இழுத்தது என்பவற்றை வைத்துக் கணினி போடும் மதிப்பீடுதான். இந்தக் காரின் பற்றரி 7.6 கிலோவாட் மணி. அதில் ஓட்டத்துக்குப் பயன்படுவது ஏறத்தாழ 5.7 மட்டுமே. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் சோதனையில் புதிய காருக்கே 14 மைல், அதாவது 22 கிலோமீட்டர் அளவில்தான் கிடைத்தது. கொழும்பு வெயிலில் ஏசியோடு எனக்கு 18க்கும் 20க்கும் இடையில் கிடைத்து வந்தது.

ஆகவே எண்ணைப் பார்க்காமல் ஓட்டிப் பாருங்கள். இரவு முழுவதும் சார்ஜ் செய்து வைக்கும்படி உரிமையாளரிடம் கேட்டு, காலையில் மின்சாரத்தில் மட்டும் ஓடும் மேக்ஸ் இ-டிரைவ் நிலையில் மரைன் டிரைவ் வழியாக வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை சென்று திரும்புங்கள். பற்றரி தீரும் வரை அதையே தொடருங்கள். அதன் பின்னர், பி.எம்.டபிள்யூ.வுக்குரிய ஸ்கான் கருவி உள்ள ஓர் இடத்தில் பற்றரியின் எஞ்சிய கொள்ளளவையும் அதன் உள்ளேயுள்ள கலங்களுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு வாசிப்பும் கையில் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

சிறிய விடயம் ஒன்று, ஆனால் நான் இதனால் அவதிப்பட்டிருக்கிறேன். இந்தக் காரின் பெற்றோல் தாங்கி அழுத்தத்தில் இருக்கும். இயந்திரம் நாட்கணக்கில் இயங்காமல் இருக்கக்கூடும் என்பதால், ஆவி வெளியேறாதபடி அதை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் அழுத்தம் வெளியேறிய பிறகுதான் மூடி திறக்கும். என் காரில் அந்த வால்வு பழுதாகி, வெள்ளவத்தையில் ஒரு பெற்றோல் நிலையத்தில் பின்னால் ஆறு வாகனங்கள் ஹோர்ன் அடிக்க, மூடி திறக்காமல் நின்றேன். வாங்கும் முன்னர் ஒரு தடவை பெற்றோல் அடித்துப் பாருங்கள். மற்றும், பிரேக் தட்டுகளைச் சக்கரத்தின் இடைவெளியால் பாருங்கள். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மின்மோட்டாரே செய்துவிடுவதால், கடற்கரையோரம் நிற்கும் கார்களில் தட்டுகள் துருப்பிடித்து விளிம்பில் மேடு கட்டியிருக்கும்.

மின்னியலாளர்_கொட்டாஞ்சேனை எழுதியது:

ஹைபிரிட் வாகனங்களின் மின்பகுதியைப் பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். டியூனிங் பற்றிக் கேட்டதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த விடயத்தில் பணத்தை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

தொழிற்சாலை கொடுத்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். பெற்றோல் இயந்திரம் 184 குதிரைவலு, 290 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சுழற்றும் விசை). மின்மோட்டார் 88 குதிரைவலு, 250 நியூட்டன் மீட்டர். முறுக்குவிசையை மட்டும் கூட்டினால் 540 வரவேண்டும். ஆனால் காருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் மொத்த அளவு 420 மட்டுமே. மோட்டார் தொடக்கத்திலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரும். டர்போ இயந்திரமும் 1,500 சுற்றுக்குள் தன் உச்சத்துக்கு வந்துவிடும். அப்படியிருந்தும் 420ஐத் தாண்டவில்லை என்றால், கணினி வேண்டுமென்றே இரண்டையும் அடக்கி வைக்கிறது என்பதே பொருள், ஏனெனில் மோட்டார் எட்டு வேகக் கியர்பொக்ஸின் உள்ளேயே அமைந்திருப்பதால், இரண்டின் விசையும் ஒரே பாதையால்தான் சக்கரத்துக்குப் போகிறது.

இப்போது அந்தச் சிறிய பெட்டியைப் பற்றிப் பார்ப்போம். அது டர்போ அழுத்த உணரியின் அளவைக் குறைத்துக் காட்டி, கணினியை ஏமாற்றிக் கூடுதல் அழுத்தம் வாங்குகிறது. கியர்பொக்ஸ் தன் கிளச்சுகளுக்குக் கொடுக்கும் எண்ணெய் அழுத்தத்தை, கணினி சொல்லும் முறுக்குவிசையை வைத்தே தீர்மானிக்கும். கணினிக்கே உண்மை தெரியாதபோது கிளச்சு இறுக்கம் போதாமல் வழுக்கும். முதல் மாதம் கார் பறப்பதுபோல் இருக்கும். பின்னர் இரண்டாம், மூன்றாம் கியர் மாறும்போது ஒரு நடுக்கம் தோன்றும். கணினியின் மென்பொருளை நேரடியாக மாற்றும் முறை இதைவிட நேர்மையானது, ஆனால் அதிலும் குறைந்த சுற்றில் இயந்திரத்துக்குக் கூட்டுவதை மோட்டாரிலிருந்து குறைத்து, கணினி மொத்தத்தைப் பழைய எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பயன் தெரிவது மேற்சுற்றில் மட்டும்தான். இங்கே அதிவேக நெடுஞ்சாலையிலேயே எல்லை மணிக்கு 100 கிலோமீட்டர் என்பதால், அந்த மேற்சுற்றை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

என் கருத்து இதுதான்: இந்தக் காரில் டியூனிங் என்பது பற்றரியை நல்ல நிலையில் வைத்திருப்பதே. பற்றரி சோர்ந்தால் காரின் மொத்த வலுவான 252 குதிரைவலு என்பது வெறும் 184 ஆகிவிடும், அதுவும் மோட்டாரின் எடையையும் பற்றரியின் எடையையும் சுமந்துகொண்டு. அதோடு 92 ஒக்டேன் பெற்றோலை விட்டு 95க்கு மாறுங்கள். 11க்கு 1 என்ற அமுக்க விகிதமுள்ள டர்போ இயந்திரம், நம் வெப்பத்தில் 92ஐ ஊற்றினால் தட்டலை (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பதை) தவிர்க்க தீப்பொறி நேரத்தைத் தானாகவே பின்தள்ளி வலுவை விட்டுக்கொடுக்கும். கண்டி போகும்போது சமவெளியிலேயே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சேவ் பற்றரி நிலையைப் போட்டு வையுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் மோட்டார் கைகொடுப்பதை உணர்வீர்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தக் காரில் பற்றரியைக் குளிர்விப்பதும் ஏசி வாயுதான். வாயு கொஞ்சம் குறைந்தால் உள்ளே இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் பற்றரி சூடாகிக்கொண்டே இருக்கும். ஏசி கொம்பிரசர் உயர்மின்னழுத்தத்தில் இயங்குவது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத வகை எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் எண்ணெயை யாராவது வாயுவோடு சேர்த்து அடித்திருந்தால், காப்புத்தடை (மின்கசிவைத் தடுக்கும் தடை) படிப்படியாக வீழ்ந்து, ஒரு நாள் கார் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு காரில் கொம்பிரசரைக் கழற்றிக் கவிழ்த்தபோது, தெளிவாக இருக்கவேண்டிய எண்ணெய் பச்சை கலந்து வந்தது. கசிவு தேடுவதற்கான சாயம் கலந்த சாதாரண எண்ணெய் அது. ஏசி வேலை எங்கே செய்தார்கள் என்று உரிமையாளரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பம்பலப்பிட்டி_தொடர்மாடி எழுதியது:

மற்றவை பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். சார்ஜ் செய்வது பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு தடவை நிரப்ப, இழப்பையும் சேர்த்து ஆறரை யூனிட் அளவில் போகும். மாதத்தில் 25 நாள் என்றால் 160 யூனிட் கூடும். அது உங்கள் வீட்டுக் கட்டணத்தை 180 யூனிட்டுக்கு மேற்பட்ட, கட்டணம் கூடிய படிக்குத் தள்ளிவிடக்கூடும். நேர அடிப்படையிலான கட்டண முறைக்கு மாற முடியுமா என்று உங்கள் மின்விநியோக நிறுவனத்தில் விசாரியுங்கள். அதில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை குறைந்த கட்டணம். மூன்று மணி நேரம் போதும் என்பதால் உங்களுக்கு அது பொருந்தும். ஆனால் மாலை 6.30 முதல் 10.30 வரை கட்டணம் மிக அதிகம், சமையலும் ஏசியும் அந்த நேரத்தில்தான் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தரிப்பிடத்தில் ஏற்கெனவே இருக்கும் பிளக்கில் மட்டும் குத்தாதீர்கள். நான் அப்படிச் செய்து, இரண்டு வாரத்தில் பிளக்கின் ஒரு முள் பழுப்பாகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி மணத்தது. உங்கள் சொந்த மின்மானியிலிருந்து தனி வயர் இழுத்து, தனி ட்ரிப் சுவிட்ச் போட்டு, முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். வாய்மொழி அனுமதி குழு மாறியவுடன் போய்விடும். டியூன் செய்தால் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பதும் அவசியம்.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

நேரம் எடுத்து எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடந்த சனிக்கிழமை காலையில் ஓட்டிப் பார்த்தேன். ஏசியோடு 16 கிலோமீட்டர் வந்தது. ஸ்கானில் கலங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை, பெற்றோல் மூடியும் திறந்தது. ஆனால் உரிமையாளரின் கோப்பில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீதியோரக் கடை ஒன்றில் ஏசி வாயு நிரப்பிய பற்றுச்சீட்டு இருந்தது. எந்த எண்ணெய் என்று அதில் எழுதப்படவில்லை. காப்புத்தடையை அளந்து, தேவையானால் கொம்பிரசரைக் கழுவி எண்ணெய் மாற்றும் செலவை விலையில் கழிக்க அவர் இணங்கியிருக்கிறார். பெட்டி பொருத்தும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். கொட்டாஞ்சேனை ஐயா, அந்த அளவீட்டை உங்களிடமே செய்துகொள்ள முடியுமா? அடுத்த வாரம் எந்த நாள் வசதி என்று தனிச்செய்தியில் அறியத்தாருங்கள்.