பின்தங்கிய ஒரு கோழிக்காகக் காத்திருப்பதா?

கொல்லையில் நான் வளர்க்கும் 5 கோழிகளும், பகல் குறையத் தொடங்கியதும் இறகுதிர்த்து முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. நாளுக்கு 4 முட்டை கிடைத்த இடத்தில் இப்போது வாரத்திற்கு ஒன்று கிடைத்தால் பெரிது. பழுப்பு முட்டையிடும் இனம், வயது ஏறத்தாழ 18 மாதம், இதுவே இவற்றின் முதல் பெரிய இறகுதிர்ப்பு.

இது 8 முதல் 12 வாரங்களில் முடியும் என்பதால் பொறுத்திருந்தேன். நான்கு கோழிகளுக்குப் புது இறகு மூடிவிட்டது, கொண்டையும் சிவக்கத் தொடங்கிவிட்டது. ஒன்று மட்டும் 13ஆம் வாரத்திலும் கழுத்தும் முதுகும் வெறுமையாக நிற்கிறது. உறை பிரியாத குருத்திறகுகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்க, கை பட்டாலே துள்ளி விலகுகிறது. தீனி நன்றாக எடுக்கிறது, எச்சத்திலும் மாற்றமில்லை.

இறகு பெரும்பாலும் புரதத்தாலானது என்பதால், 16 சதவீதப் புரதமுள்ள தீவனத்தை 20 சதவீதத்திற்கு மாற்றி, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, கொறிக்கும் தானியத்தையும் குறைத்தேன் (அதை அவை இன்னும் மன்னிக்கவில்லை). குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. இரவில் டார்ச் அடித்து, அமரும் கட்டையின் அடிப்பக்கத்தையும் வாலடியையும் மும்முறை பார்த்தேன். உண்ணியோ பேனோ இல்லை. மீண்டும் முட்டையிடத் தூண்டும் விளக்கை மட்டும் இன்னும் போடவில்லை, ஏனெனில் எல்லாம் ஒரே கூண்டில் அடைகின்றன.

தேறிய நான்கிற்காக, விடியலுக்கு முன் விளக்கேற்றி மொத்த வெளிச்சத்தை 14 மணி நேரமாக்கினால், இறகு முளைத்து முடியாத அந்த ஒன்றுக்குக் கேடு வருமா?