கூகுளில் வருகிறது, பிங்கிலும் டக்டக்கோவிலும் முகப்பு மட்டும்தான்: நெல் ரகத் தளத்துக்கு உதவி வேண்டும்

கழனிப்பூ:

வணக்கம். பாரம்பரிய நெல் ரகங்களுக்காக ஒரு தளம் நடத்தி வருகிறேன். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, குழியடிச்சான், காட்டுயானம், பூங்கார் என்று ரகத்துக்கு ஒரு பக்கம், மொத்தம் 140 பக்கங்கள். பாதி நான் எழுதியவை. மீதி, அப்பா இருபது வருடத்துக்கு முன் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த குறிப்புகள். போன வருடம் அவற்றை ஒரு எழுத்துரு மாற்றும் கருவியில் போட்டு, இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடாக்கி ஏற்றினேன்.

கூகுளில் பெரும்பாலான பக்கங்கள் நல்ல இடத்தில் வருகின்றன. பிங்கில் முகப்பைத் தவிர ஒன்றும் இல்லை. டக்டக்கோ, யாஹூ தேடுபொறிகள் இரண்டிலும் அதே கதி. பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவர் பள்ளிக் கணினியில் எட்ஜ் உலாவியைத் திறந்து பிங்கில் தேடிவிட்டு, "உங்க தளம் இருக்கா இல்லையா?" என்று கேட்டார். மனசு கேட்கவில்லை.

சைட்மேப்பை (பக்கங்களின் பட்டியல்) கூகுள் சர்ச் கன்சோலில், அதாவது தளம் நடத்துபவர்களுக்கான கூகுள் கருவியில், கொடுத்திருக்கிறேன். தேடுபொறிகள் எதை எடுக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் எதையும் தடுக்கவில்லை, ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையே 20 விநாடி காத்திருக்கச் சொல்லும் கிரால்-டிலே 20 என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. அதுதான் காரணமா?

புதுவலைஞன்:

மெட்டா கீவேர்ட்ஸ் (பக்கத்தின் நிரலுக்குள் மறைவாகப் போடும் தேடுசொற்கள்) போட்டீங்களா அக்கா? பக்கத்துக்கு ஒரு 30 சொல் போட்டுப் பாருங்க. பேக்லிங்க், அதாவது மத்த தளங்களிலிருந்து நம்ம தளத்துக்கு வர்ற லிங்க், விலைக்குக் கிடைக்குது, ஒரு நூறு வாங்கினா பிங் ஏத்துக்கும்.

வலைத்தச்சன்:

தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இரண்டும் வேண்டாம். மெட்டா கீவேர்ட்ஸைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. விலைக்கு வாங்கும் லிங்க் கூகுள், பிங் இரண்டின் விதிகளுக்கும் எதிரானது. இன்று நன்றாக வரும் கூகுள் இடமும் போய்விடும்.

சகோதரி, கிரால்-டிலே காரணம் இல்லை. கூகுள் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, பிங் மதிக்கும். ஆனால் 20 விநாடிக்கு ஒரு பக்கம் என்றாலும் ஒரு நாளைக்கு 4,320 பக்கம் எடுக்கலாம். உங்களிடம் இருப்பதோ 140.

டக்டக்கோவும் யாஹூவும் வழக்கமான இணைய முடிவுகளைப் பெரும்பாலும் பிங்கிடமிருந்துதான் வாங்குகின்றன. அதனால் உங்களுக்கு இருப்பது மூன்று சிக்கல் இல்லை, ஒன்றுதான். பக்கங்களைச் சேகரிக்க பிங் அனுப்பும் நிரலான பிங்பாட் உங்கள் வாசலுக்கு வருகிறதா, வந்தால் உள்ளே விடுகிறீர்களா என்று முதலில் பார்க்க வேண்டும். ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அணுகல் பதிவு இருக்கும். அதை இறக்கி, பிங்பாட் என்று தேடி, அந்த வரிகளில் சர்வரின் பதிலாக எந்த எண் வருகிறது என்று சொல்லுங்கள்.

கழனிப்பூ:

பார்த்தேன் அண்ணா. ஒரு வாரத்தில் 212 வரிகள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் 403. கூகுள்பாட் வரிகளில் 200 என்று இருக்கிறது.

வலைத்தச்சன்:

அகப்பட்டது. 200 என்றால் பக்கத்தைக் கொடுத்துவிட்டது. 403 என்றால் உங்கள் சர்வரே "உள்ளே வராதே" என்று பிங்பாட்டைத் திருப்பி அனுப்புகிறது. ரோபோட்ஸ் கோப்பில் தேடினால் இது தெரியாது, அதற்கு முன்னால் காவலுக்கு நிற்கும் ஃபயர்வால் செய்யும் வேலை. போலி பாட்களைத் தடுக்கப் போட்ட விதியில் நல்ல பாட்-உம் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஹோஸ்டிங்காரர்களுக்கு எழுதும்போது "எல்லா பாட்களுக்கும் திறந்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். பிங்பாட் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரலாம். வரும் ஐபி முகவரியை ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் (முகவரிக்கு உரிய பெயரைச் சொல்லும் தேடல்) பார்த்தால் உண்மையான பிங்பாட்டின் பெயர் சர்ச் புள்ளி எம்எஸ்என் புள்ளி காம் என்று முடியும். அந்தப் பெயரைத் திரும்பத் தேடினால் அதே ஐபி வர வேண்டும். இப்படிச் சரிபார்த்தவற்றை மட்டும் அனுமதிக்கச் சொல்லுங்கள்.

அவர்கள் திறந்ததும் சர்ச் கன்சோல் போலவே பிங்குக்கு உள்ள பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் சேருங்கள். சர்ச் கன்சோலிலிருந்து அப்படியே இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறது, தனியாக உரிமை நிரூபிக்க வேண்டியதில்லை. சைட்மேப்பில் ஒவ்வொரு பக்கமும் கடைசியாக மாறிய தேதி உண்மையான தேதியாக இருக்கட்டும். கூடவே இண்டெக்ஸ்நவ் போடுங்கள். மைக்ரோசாஃப்டும் யாண்டெக்ஸும் 2021-இல் கொண்டுவந்தது, பக்கம் மாறியதும் தேடுபொறிக்கு நாமே தகவல் சொல்லும் முறை. கூகுள் அதில் சேரவில்லை, அங்கே வழக்கம்போல் சைட்மேப்தான்.

கழனிப்பூ:

ஹோஸ்டிங்கில் முதலில் "எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை" என்றார்கள். பதிவு வரிகளை அனுப்பியதும் மறுநாளே திறந்துவிட்டார்கள். பத்து நாள் ஆகிறது, பிங்கில் 80 பக்கத்துக்கு மேல் வந்துவிட்டது. டக்டக்கோவிலும் கருப்புக் கவுனி வருகிறது! மிக்க நன்றி அண்ணா.

ஒன்று மட்டும் புரியவில்லை. பூங்கார் பக்கம் பிங்கில் சேர்ந்துவிட்டது என்றே டூல்ஸ் காட்டுகிறது. ஆனால் "பூங்கார் நெல்" என்று தேடினால் பிங்கிலும் இல்லை, கூகுளிலும் இல்லை. அப்பா மிகவும் ஆசையாக எழுதிய பக்கம் அது.

எழுத்தாணி:

அது அப்பா பாமினியில் அடித்த பக்கங்களில் ஒன்றா? அப்படியானால் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி, பூங்கார் என்று விசைப்பலகையில் நீங்களே அடித்துத் தேடுங்கள். நகலெடுத்து ஒட்டாதீர்கள்.

கழனிப்பூ:

கண்ணெதிரே தலைப்பில் இருக்கிறது, 0 என்று காட்டுகிறது!

எழுத்தாணி:

நினைத்தேன். பாமினியில் துணைக்காலுக்கும் (ா) ர் எழுத்தின் உடம்புக்கும் ஒரே விசை. துணைக்கால் மேல் புள்ளி வைத்தால் அச்சில் ர் ஆகிவிடும், காகிதத்துக்கு அது போதும். நீங்கள் போட்ட மாற்றும் கருவி அதை அப்படியே துணைக்கால், புள்ளி என்று யுனிகோடில் எழுதியிருக்கிறது. கண்ணுக்கு ர் மாதிரியே தெரியும், கணினிக்கு அது வேறு சொல். நீர், வேர், பயிர் என்று விவசாயக் குறிப்பில் ர் இல்லாத வரியே இருக்காது, அதனால் அப்பாவின் பக்கங்கள் அத்தனையிலும் இருக்கும்.

தமிழில் துணைக்காலுக்குப் பின்னால் புள்ளி வரவே முடியாது. அதனால் அந்த இரண்டையும் தேடி ர் என்று மொத்தமாக மாற்றுவதில் பயமில்லை. ஆனால் வேர், தேர் போன்ற சொற்களில் கவனம். அங்கே ஏகாரக் கொம்பும் துணைக்காலும் ஒட்டி ஓகாரமாகி, வேர் என்பது வோ மேல் புள்ளி வைத்த மாதிரி சேமிக்கப்பட்டிருக்கலாம். ஓகாரத்துக்குப் பின் புள்ளி வந்தால் ஏகாரமும் ர்-உம், ஒகரத்துக்குப் பின் வந்தால் எகரமும் ர்-உம் என்று மாற்றுங்கள். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அப்பாவின் எழுத்து.

இன்னொன்று. மாப்பிள்ளைச் சம்பா என்று ஒற்றுப் போட்டுத் தேடுகிறவர்கள் குறைவு. தலைப்பில் சரியான வடிவம் இருக்கட்டும், உள்ளே ஓரிடத்தில் ஒற்று இல்லாத வடிவத்தையும் ஆங்கில எழுத்தில் மக்கள் அடிக்கும் வடிவத்தையும் "இப்படியும் எழுதுவர்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பக்கம் முழுக்கத் திணிக்க வேண்டாம்.

வலைத்தச்சன்:

இதை நான் யோசிக்கவே இல்லை எழுத்தாணி, நன்றி. சகோதரி, பிங்குக்காக கன்டென்ட்-லாங்குவேஜ் மெட்டாவில் (பக்கத்தின் மொழியைச் சொல்லும் நிரல் வரி) தமிழ் என்று குறிப்பிட்டுவிடுங்கள். கூகுள் அதைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் உள்ள எழுத்தை வைத்தே மொழியைக் கண்டுகொள்ளும்.

கழனிப்பூ:

61 பக்கங்களில் அந்தப் பிழை இருந்தது. நேற்று இரவு முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். 'வேர்' மட்டும் 40 இடத்தில் 'வோ' ஆகிப் புள்ளியோடு நின்றது, எழுத்தாணி சொல்லாவிட்டால் அப்படியே விட்டிருப்பேன். சைட்மேப்பில் தேதிகளைப் புதுப்பித்து இண்டெக்ஸ்நவ்வும் அனுப்பிவிட்டேன். இன்று மாலை பிங்கில் "பூங்கார் நெல்" என்று தேடினால் எங்கள் பக்கம் வருகிறது. கூகுளில் இன்னும் பழைய பிரதிதான். சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லிக் கோரிக்கை வைத்திருக்கிறேன். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.