எஞ்சின் போரிங் முடிந்தும் ஐடிலில் உதறுகிறது: ஹோண்டா சிட்டி விடெக்

கேள்வி:
2001 மாடல் சிட்டி 1.5 விடெக். சிலிண்டரைக் குடைந்து (போரிங்) அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமன்படுத்துவது), ஹெடர் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) எல்லாம் போட்டு எஞ்சினை ஏற்றியாயிற்று. ஐடிலில் கியர் லீவர் கிடுகிடுவென ஆடுகிறது. 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் பரவாயில்லை, ஆனால் இழுவை இல்லை. செக் லைட் எரியவில்லை. பிளக், ஒயர் எல்லாம் புதுசு. "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, ரிங் செட் ஆனா சரியாயிடும்" என்கிறார் மெக்கானிக். ஓட்டலாமா?

பதில்:
வேண்டாம் தம்பி. ரிங் செட் ஆகாத எஞ்சின் ஆயில் குடிக்கும், புகை தள்ளும், இப்படி உதறாது. ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும்.

பதில்:
இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரமாகக் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடியுங்கள், ஆர்பிஎம் ஏறினால் அந்த இடுக்கு வழியாகக் காற்று இழுக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்யுங்கள். ஹெடர் சூட்டில் பட்டால் தீப்பிடிக்கும். வால்வு கிளியரன்ஸும் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) பார்க்கணும்: இன்டேக் 0.18–0.22 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.23–0.27.

கேட்டவர்:
காற்று இழுக்கவில்லை. கிளியரன்ஸ் சரி. எந்தக் கனெக்டரைக் கழற்றினாலும் உதறல் கூடுகிறது. கம்ப்ரஷன் 140, 142, 138, 141 பிஎஸ்ஐ.

பதில்:
நான்கும் ஒரே மாதிரி குறைவு, கவனித்தீர்களா? இந்த எஞ்சினுக்கு 184 பக்கம் வரவேண்டும், 135தான் குறைந்தபட்ச எல்லை. ஹெட் ஃபேஸிங் செய்தால் கம்ப்ரஷன் ஏறத்தான் வேண்டும். எனக்கு டைமிங் பெல்ட் (கிராங்க்கையும், வால்வைத் திறக்கும் கேமையும் இணைக்கும் பெல்ட்) மேல்தான் சந்தேகம். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) போல்ட் அதன் பள்ளத்தில் எங்கே நிற்கிறது?

கேட்டவர்:
அட்வான்ஸ் (தீப்பொறி முன்கூட்டியே வரும்) பக்கம் கடைசியில், அண்ணா. அதற்கு மேல் திருப்ப இடமே இல்லை.

பதில்:
அப்போ அதேதான். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம். கேம் ஒரு பல் பின்தங்கினால் இக்னிஷனும் பின்தங்கும். அதைச் சரிக்கட்டத்தான் யாரோ கடைசிவரை திருப்பி வைத்திருக்கிறார்கள். இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால்தான் கம்ப்ரஷனும் போயிற்று. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க்கைக் கையால் இடஞ்சுழியாகச் சுற்றி, அதன் புல்லியிலுள்ள வெள்ளைக் குறிக்குக் கொண்டுவாருங்கள். சிவப்புக் குறி இக்னிஷனுக்கு, அதை வைத்துப் பெல்ட் போடாதீர்கள். கேம் புல்லியில் 'அப்' எழுத்து நேர் மேலே, பக்கக் கோடுகள் ஹெட்டின் மேல்மட்டத்தோடு ஒன்றவேண்டும்.

கேட்டவர்:
பார்த்தாயிற்று. கோடு ஒரு பல் தள்ளி நிற்கிறது!

பதில்:
டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) இல்லாத பக்கம் பெல்ட் தொய்வாக இருந்திருக்கும். மறுபடி போடும்போது அந்தப் பக்கத்தை முதலில் இறுக்கமாக மாட்டுங்கள். டென்ஷனர் நட்டைத் தளர்த்தி, கேம் புல்லி மூன்று பல் நகரும் அளவு கிராங்க்கை இடஞ்சுழியாகச் சுற்றிவிட்டு முடுக்குங்கள். இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிக் குறிகளைப் பார்த்த பிறகே செல்ஃப். கையில் எங்காவது தட்டினால் நிறுத்திவிடுங்கள், இதில் வால்வும் பிஸ்டனும் மோதும். கடைசியாக டைமிங் லைட் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்யுங்கள். இப்போதிருக்கும் இடத்திலேயே விட்டால் நாக்கிங் (எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டும் சத்தம்) வரும்.