விளையாடக் கூப்பிட்டுப் பேச்சைச் சேகரித்தார்களா? உங்கள் அனுபவம்

செந்தூல்காரன்:
நம் வட்டாரத் தமிழ்ச் சொற்களைச் சேகரிக்க, பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா மகள் அனுப்பிய விளையாட்டு. அதுதான், படம் வரும், முகம் தெரியாத இன்னொருவரும் நாமும் ஒரே சொல்லைத் தட்டினால் புள்ளி. முதல் படம், தட்டில் தோசை, பக்கத்தில் தே தாரிக். 'பசியாறல்' என்று தட்டினேன். அந்தப் பக்கம் 'டிபன்'. பூஜ்யம். அடுத்தது இரவுச் சந்தைப் படம். நான் 'பாசார் மாலாம்', அவர் 'சந்தை'. மறுபடி பூஜ்யம். கடுப்பாகி, இட்லிப் படம் வந்ததும் நானும் 'டிபன்' என்று தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது! என் வாயில் ஒரு நாளும் வராத சொல். அது இன்னும் உறுத்துகிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசி:
இதில் உறுத்த என்ன இருக்கிறது? கணினி அறிஞர் லூயிஸ் வான் ஆன் இதே மாதிரி 'ஈஎஸ்பி கேம்' செய்ததே படங்களுக்குப் பெயர் சேர்க்கத்தான். 2006-இல் கூகுளும் அதை எடுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் பொதுவான சொல்தான் அதற்கு வேண்டும். வட்டாரச் சொல்லைப் பிடிக்க அது தப்பான வலை.

தண்ணீர்மலையான்:
வலை சரியாக இருந்தாலும் நாமே கெடுப்போம். பினாங்கில் ஓர் ஆய்வு மாணவி அப்பாவையும் என்னையும் பக்கம் பக்கமாக உட்கார வைத்து, நடுவில் அட்டை வைத்தாள். பொம்மை மனிதனும் மரமும் உள்ள படங்கள். அவர் சொல்லச் சொல்ல, அதே படத்தை என் அடுக்கில் நான் எடுக்க வேண்டும். அப்பா கெடா தோட்டத்தில் வளர்ந்தவர். "மனுசன் பட்டர்வொர்த்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறான், மரம் அவனுக்குத் தெக்கால" என்றார். சன்னல்கூடத் திறந்திருக்கவில்லை! "அப்பா, இடது வலதுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். மாணவி சட்டென்று கையை உயர்த்தினாள். அதற்குள் அப்பா "சரிடா, இடது" என்று மாறிவிட்டார். கடைசிவரை இடது வலதுதான்.

அப்புறம்தான் சொன்னாள். நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் ஆய்வு நிறுவனத்தார் உருவாக்கிய விளையாட்டாம் அது. 1990-களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் விளையாட வைத்தபோது கிராமத்தார் திசை சொன்னார்களாம், நகரத்தார் இடது வலது.

பங்சார் அக்கா:
என் அம்மாவிடமும் கதை சொல்லச் சொல்லிப் பதிந்தார்கள், மின்விசிறி இரைச்சலில் பாதி போச்சு. அதனால் சொல்கிறேன், விசிறியை நிறுத்துங்கள். சாப்பிட்டவுடன் பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள், தூங்கிவிடுவார்கள். கையெழுத்து போடுமுன் குரல் யாரிடம் போகும், வேண்டாமென்றால் அழிப்பார்களா என்று கேளுங்கள். ஒரு பிரதி கண்டிப்பாக வாங்கி வையுங்கள், பிள்ளைகளுக்கு ஆகும். தம்பி தண்ணீர்மலையான், அப்பாவை இன்னொரு முறை கூட்டிப் போங்கள், நீங்கள் மட்டும் வெளியே இருங்கள். பிரிக்பீல்ட்ஸ் தம்பி, உறுத்துகிறது என்பவரிடம் ஆண்டுக்கணக்குச் சொல்லி என்ன பயன்?

செந்தூல்காரன்:
அக்கா, அறிவுரை கேட்கவில்லை லா. நேற்று அக்கா மகளிடம் சொல்லிவிட்டேன். "மாமா, எத்தனை படத்துக்கு அப்படி மாத்தித் தட்டுனீங்க?" என்றாள். எண்ணவில்லையே.